தொலைக்காட்சித் திரையில் கறுப்பு எங்கிருந்து வருகிறது?

உங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியைப் பகல் வேளையில் அணைத்துவிட்டு, அதன் திரையை உற்றுப் பாருங்கள். சன்னல் வெளிச்சமும் எதிரே உள்ள நாற்காலியும் அதில் மங்கலாகத் தெரியும். அப்படியானால், அணைந்திருக்கும் திரையிலிருந்தும் சிறிது ஒளி நம் கண்ணை வந்து சேர்கிறது அல்லவா? அது முழுக் கறுப்பு அன்று.

இப்போது பெட்டியைப் போடுங்கள். செய்தி வாசிப்பவரின் தலைமுடி கன்னங்கறுப்பாகத் தெரிகிறது. இது எப்படி? தொலைக்காட்சியால் ஒளியைக் கொடுக்கத்தான் முடியும். இருக்கும் ஒளியை எடுக்க முடியாது. கறுப்பு என்பது ஓர் ஒளி அன்று. ஒளி இல்லாமையே கறுப்பு. பக்கத்தில் உள்ள வெள்ளைச் சட்டையைவிடப் பல மடங்கு குறைந்த ஒளி வருவதால் தலைமுடியைக் கறுப்பு என்று நம் கண் முடிவு செய்கிறது. கண் ஒளியைத் தனியே அளப்பதில்லை, ஒப்பிட்டே பார்க்கிறது.

இந்தச் சிறு உண்மை, பெட்டி வாங்கும்போது பெரிதும் பயன்படும். வெள்ளையைக் காட்டுவது எல்லாப் பெட்டிகளுக்கும் எளிது. கறுப்பைக் காட்டுவதில்தான் அவற்றின் தரம் வெளிப்படுகிறது. ஆடித் தள்ளுபடியிலோ தீபாவளிக்கோ உங்கள் வீட்டார் பல மாதச் சேமிப்பைச் செலவிட்டு ஒரு பெட்டி வாங்கப் போகலாம். அப்போது நீங்களும் உடன் செல்லுங்கள். பள்ளியில் படித்த ஒளியியல் அங்கே கை கொடுக்கும்.

படக்குழாயின் காலம்

ஜெர்மானிய அறிவியலார் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் 1897-ஆம் ஆண்டில் எதிர்மின் கதிர்க்குழாயை உருவாக்கினார். பழைய பெட்டிகளின் படக்குழாய் அதிலிருந்து வளர்ந்ததே. டெல்லியில் 1959-இல் தொலைக்காட்சி தொடங்கியபோதும், சென்னையில் 1975-இல் ஒளிபரப்பு தொடங்கியபோதும் மக்கள் பார்த்தவை படக்குழாய்ப் பெட்டிகளே. குழாயின் பின்புறமிருந்து வரும் எலக்ட்ரான் கற்றை, திரையின் உட்புறம் பூசப்பட்ட ஒளிர்பொருளில் மோதும். மோதிய இடம் ஒளிரும். கறுப்பு வேண்டிய இடத்தில் கற்றையை நிறுத்திவிட்டால் போதும். இன்று புதிய பெட்டிகளில் படக்குழாய் இல்லை. அதன் இடத்தை இரண்டு வகைத் திரைகள் பிடித்துள்ளன.

முதல் வகை: கதவை மூடும் திரை

ஆஸ்திரியத் தாவரவியலார் ஃப்ரீட்ரிக் ரைனிட்சர் 1888-இல் ஒரு விந்தையைக் கண்டார். கொலஸ்ட்ரில் பென்சோயேட் என்னும் பொருள் 145.5 டிகிரி செல்சியஸில் உருகிக் கலங்கிய நீர்மமாயிற்று; 178.5 டிகிரியில் அக்கலங்கல் மறைந்து தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலைகளா? இடைப்பட்ட நிலையில் அது நீர்மம் போல ஓடியது. படிகம் போல அதன் மூலக்கூறுகள் ஒழுங்காக நின்றன. இதுவே திரவப் படிகம். எல்.சி.டி. என்னும் பெயரின் பொருள் திரவப் படிகத் திரை என்பதே.

இத்திரை தானாக ஒளிர்வதில்லை. பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிகிறது. அதைப் பின்னொளி என்போம். அதன் முன்னே இரண்டு போலராய்டு தகடுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைக்கப்பட்டிருக்கும். முதல் தகட்டைக் கடந்த ஒளி ஒரே தளத்தில் அதிர்வதால் இரண்டாம் தகட்டைக் கடக்க இயலாது. இடையில் உள்ள திரவப் படிகம் அந்த அதிர்வுத் தளத்தைத் திருப்பிவிட்டால் ஒளி வெளியே வரும். எவ்வளவு திருப்புவது என்பதை மின்னழுத்தம் முடிவு செய்கிறது. ஒவ்வொரு படப்புள்ளியும் ஒரு சிறு கதவு என்று கொள்ளுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று வடிகட்டிகள் நிறத்தைத் தருகின்றன.

இங்கே கறுப்பு எப்படி வருகிறது? கதவை மூடுவதால்! ஆனால் வெயில் நேரத்தில் சன்னலை எவ்வளவு இறுக மூடினாலும் இடுக்கு வழியே ஒளி கசியும் அல்லவா? திரவப் படிகக் கதவிலும் அவ்வாறே சிறிது ஒளி கசிகிறது. இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு இத்தகைய பெட்டியைப் பார்த்தால், கறுப்பு சாம்பல் நிறமாகத் தெரிவது இதனால்தான்.

இவ்வகையிலேயே இரண்டு பிரிவுகள் உண்டு. வி.ஏ. என்னும் பிரிவில் கசிவு குறைவு. ஆனால் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளிறும். ஐ.பி.எஸ். என்னும் பிரிவில் பக்கவாட்டிலும் நிறம் நன்றாகத் தெரியும்; ஆனால் கசிவு அதிகம். கூடத்தில் பத்துப் பேர் பரந்து உட்கார்ந்து பார்க்கும் வீட்டுக்கு ஒன்று பொருந்தும். இருவர் நேர் எதிரே அமர்ந்து பார்க்கும் வீட்டுக்கு மற்றொன்று பொருந்தும்.

திரவப் படிக ஆய்வில் நம் நாட்டுக்கும் பெருமை உண்டு. 1977-இல் பெங்களூரு இராமன் ஆய்வுக் கழகத்தில் எஸ். சந்திரசேகரும் அவருடைய குழுவினரும் வட்டத்தட்டு வடிவ மூலக்கூறுகளாலான புதுவகைத் திரவப் படிகத்தைக் கண்டறிந்தனர். பக்கவாட்டிலிருந்தும் படம் தெளிவாகத் தெரிவதற்காகத் திரைகளில் ஒட்டப்படும் மெல்லிய படலங்களில் அவ்வகைப் பொருள் பிற்காலத்தில் பயன்பட்டது.

பெயரைக் கண்டு மயங்காதீர்கள்

கடையில் 'எல்.இ.டி. டி.வி.' என்று எழுதியிருக்கும். அது பெரும்பாலும் திரவப் படிகத் திரைதான். பின்னொளியாக எல்.இ.டி. விளக்குகள் வைக்கப்பட்டிருப்பதால் அந்தப் பெயர். 'க்யூ.எல்.இ.டி.' என்று விற்கப்படுவதும் பொதுவாகத் திரவப் படிகத் திரையே. அதில் குவாண்டம் புள்ளிகள் எனப்படும் நுண்துகள்கள் நீல ஒளியைத் தூய சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றித் தருகின்றன. இத்துகள்கள் பற்றிய ஆய்வுக்கே 2023-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நிறம் செழுமையாகும் என்பது உண்மை. ஆனால் கறுப்பின் கசிவு இதனால் நின்றுவிடாது.

'மினி எல்.இ.டி.' என்பதில் பின்னொளி பல சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இருண்ட காட்சி வரும் பகுதியில் மட்டும் விளக்கு மங்கும். எனவே கறுப்பு மேம்படும். ஆனால் ஒரு பகுதிக்குள் ஆயிரக்கணக்கான படப்புள்ளிகள் இருப்பதால், கரிய வானில் நிலாவைச் சுற்றி ஒரு மங்கலான ஒளிவட்டம் தோன்றக்கூடும்.

இரண்டாம் வகை: விளக்கை அணைக்கும் திரை

ஓ.எல்.இ.டி. என்பது மேற்சொன்னவற்றிலிருந்து முற்றிலும் வேறானது. ஓர் எழுத்துதான் கூடுதல்; வேலை செய்யும் முறையோ வேறு. மின்சாரம் பாய்ந்தால் ஒளிரும் கரிமச் சேர்மங்களை மெல்லிய அடுக்குகளாகப் பூசி, குறைந்த மின்னழுத்தத்தில் ஒளிரச் செய்யலாம் என்பதை கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் ஆகிய இருவரும் 1987-இல் வெளியிட்டனர். இத்திரையில் ஒவ்வொரு படப்புள்ளியும் ஒரு தனி விளக்கு. கறுப்பு வேண்டுமா? அந்த விளக்கை அணைத்துவிட வேண்டியதுதான். கசிவதற்குப் பின்னொளியே இல்லை.

குறைகளும் உண்டு. விலை அதிகம். ஒரே செய்தி அலைவரிசையை நாள்தோறும் பல மணி நேரம் வைத்திருந்தால், அசையாமல் நிற்கும் சின்னத்தின் சுவடு காலப்போக்கில் திரையில் தங்கிவிடக்கூடும்.

கடையில் எல்லாம் ஒன்றுபோல் தெரிவது ஏன்?

இனி ஒரு சிறு கணக்குப் போடுவோம். வெள்ளையின் ஒளிர்வைக் கறுப்பின் ஒளிர்வால் வகுத்தால் வருவது கான்ட்ராஸ்ட் விகிதம். அ, ஆ, இ என மூன்று பெட்டிகளிலும் வெள்ளையின் ஒளிர்வு 300 அலகு என்று கொள்வோம். கறுப்பின் ஒளிர்வு அ-வில் 0.3, ஆ-வில் 0.1, இ-யில் 0. அ ஓர் ஐ.பி.எஸ். திரை, ஆ ஒரு வி.ஏ. திரை, இ ஓர் ஓ.எல்.இ.டி. திரை. அ-வின் விகிதம் 1,000. ஆ-வின் விகிதம் 3,000. இ-க்கு எல்லையே இல்லை.

கடையிலோ நூற்றுக்கணக்கான விளக்குகள் எரிகின்றன. அந்த ஒளி திரையில் பட்டு 3 அலகு எதிரொளிப்பதாகக் கொள்வோம். இந்த 3 அலகு வெள்ளையோடும் சேரும், கறுப்போடும் சேரும்.

அ: 303 ÷ 3.3 = 92
ஆ: 303 ÷ 3.1 = 98
இ: 303 ÷ 3 = 101

பார்த்தீர்களா! மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு காணாமல் போயிற்று. இப்போது அ பெட்டியில் ஒளிர்வை இருமடங்காகக் கூட்டினால் 603 ÷ 3.6, அதாவது ஏறக்குறைய 168 கிடைக்கும். மூன்றிலும் மட்டமான கறுப்பு கொண்ட பெட்டி, கடையில் முதலிடம் பெற்றுவிட்டது! காட்சிக்கு வைத்த பெட்டிகளின் ஒளியை மிகுதியாகக் கூட்டி வைப்பதன் காரணம் இதுவே.

வீட்டில் இரவு விளக்கை அணைத்த பிறகு எதிரொளிப்பு 0.03 அலகாகக் குறைந்தால், 300 அலகு ஒளிர்வில் விகிதங்கள் ஏறக்குறைய 910, 2,300, 10,000 என ஆகும். மறைந்திருந்த வேறுபாடு வெளியே வந்துவிட்டது.

இதிலிருந்து பெறும் பாடம் என்ன? உங்கள் வீட்டார் எப்போது, எந்த வெளிச்சத்தில் பார்க்கிறார்கள் என்பதே முதல் கேள்வி. வெளிச்சமான கூடத்தில், பெரும்பாலும் பகலில் பார்ப்பவர்கள் விலை மிகுந்த கறுப்புக்குப் பணம் கொடுப்பதால் பயன் குறைவு. அவர்களுக்கு ஒளிர்வு மிகுந்த, எதிரொளிப்பு குறைந்த திரையே நல்லது. இரவில் விளக்கணைத்துத் திரைப்படம் பார்ப்பவர்களுக்குக் கறுப்புதான் முக்கியம்.

படப்புள்ளிக் கணக்கு

1920 × 1080 படப்புள்ளிகள் கொண்ட திரையை 'ஃபுல் எச்.டி.' என்றும், 3840 × 2160 கொண்டதை '4கே' என்றும் கூறுவர். பின்னது நான்கு மடங்கு. ஆனால் நம் கண்ணால் அதை உணர முடியுமா? இயல்பான பார்வை உள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோண இடைவெளியைத்தான் பிரித்தறியும். அதன்படி, ஒரு புள்ளியின் அகலத்தை 3,438-ஆல் பெருக்கினால் வரும் தொலைவுக்கு அப்பால் அந்தப் புள்ளி தனியாகத் தெரியாது.

43 அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய 952 மி.மீ. ஃபுல் எச்.டி. என்றால் புள்ளியின் அகலம் 952 ÷ 1920, அதாவது 0.5 மி.மீ. அதன் எல்லைத் தொலைவு 1.7 மீட்டர். 4கே திரைக்கு 0.85 மீட்டர். நீங்கள் இரண்டரை மீட்டர் தள்ளி உட்காருபவர் என்றால், ஃபுல் எச்.டி. புள்ளிகளே உங்கள் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியா. கடையில் ஒரு முழத் தொலைவில் நின்று பார்த்து வியந்த கூர்மை, வீட்டில் பயன்படாது.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

1. படத் தேர்வை 'விவிட்' என்பதிலிருந்து 'ஸ்டாண்டர்ட்' அல்லது 'சினிமா' என்பதற்கு மாற்றச் சொல்லுங்கள். பிறகு ஒப்பிடுங்கள்.

2. முழுக் கறுப்புப் பின்னணியில் சில வெள்ளை எழுத்துகள் உள்ள படம் ஒன்றைக் கைப்பேசியில் தயாரித்து, பென் டிரைவில் கொண்டு செல்லுங்கள். எழுத்தைச் சுற்றி ஒளி பரவுகிறதா, மூலைகள் வெளிறியுள்ளனவா என்று பாருங்கள். கையைக் குவித்துத் திரையருகே நிழல் செய்து பார்த்தால் கசிவு நன்கு தெரியும்.

3. உங்கள் வீட்டாரின் ஒளிப்படத்தைப் போட்டுப் பாருங்கள். அம்மாவின் முக நிறம் இயல்பாக இருக்கிறதா? தெரிந்த முகத்தைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை.

4. மாலை வானம் போன்ற படத்தில் நிறம் சீராக மாற வேண்டும். பட்டை பட்டையாகத் தெரியக் கூடாது.

5. செய்திகளின் அடியில் ஓடும் எழுத்துகளைப் படியுங்கள். வால் நீண்டு கலங்கினால், கிரிக்கெட் பந்தும் அப்படித்தான் தெரியும்.

6. உங்கள் வீட்டில் உட்காரும் தொலைவில் நில்லுங்கள். பக்கவாட்டிலும் நகர்ந்து பாருங்கள்.

செய்து பாருங்கள்

ஒரு போலராய்டு குளிர்க்கண்ணாடியின் வழியே கணிப்பானின் எண்களைப் பாருங்கள். கண்ணாடியை மெல்லச் சுழற்றுங்கள். ஒரு நிலையில் எண்கள் உள்ள திரை முழுதும் இருண்டுவிடும். இரண்டு தகடுகள் ஒளியை மூடும் விதத்தை நேரில் கண்டுவிட்டீர்கள்.

பயிற்சி

55 அங்குலத் திரையின் அகலம் 1,218 மி.மீ. அது ஃபுல் எச்.டி. என்றால் புள்ளிகள் தெரியாமலிருக்க எவ்வளவு தள்ளி உட்கார வேண்டும்? 4கே என்றால் எவ்வளவு?

விடை: ஏறக்குறைய 2.2 மீட்டர், 1.1 மீட்டர். இனி உங்கள் வீட்டுக் கூடத்தை அளந்து, உங்களுக்கு எது தேவை என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.