முளையிலே தெரிந்துவிடுமா?

ஸ்வீடனின் ராஸ்மஸ் டாலின் 2018-இல், வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல்.-இன் டிராஃப்டில் (அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் தேர்வில்) முதல் ஆளாக பஃபலோ சேபர்ஸ் அணிக்குத் தேர்வானபோது, அவருக்கு வயது 18. டிஃபென்ஸ் ஆட்டக்காரரான அவருக்கு ‘தலைமுறைக்கு ஒருவர்’ என்ற பட்டம் அதற்கு முன்பே கிடைத்திருந்தது. ஐஸ் ஹாக்கி ரசிகர்கள் எளிதில் சூட்டும் பட்டம் இது. இதைத் தாங்கி நிற்கும் நம்பிக்கைகளைச் சற்றே உரசிப் பார்க்கலாம்.

நம்பிக்கை 1: டிராஃப்டில் முதலிடம் பெற்றவரே அந்தத் தலைமுறையின் சிறந்தவர்.

உண்மை: டிராஃப்டில் முதலிடம் பிடித்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர்கள் பத்துப் பேருக்கு மேல் உண்டு. லீகின் சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரருக்கான நாரிஸ் விருதை அவர்களில் 2025 வரை வென்றவர் ஒரே ஒருவர்தான்: 1973-இல் தேர்வான டெனிஸ் பாட்வின். 1982-இல் முதலிடம் பெற்ற கார்ட் க்ளூசாக்கின் ஆட்ட வாழ்வை முழங்கால் காயங்கள் 299 ஆட்டங்களோடு முடித்துவைத்தன. அதே டிராஃப்டில் ஐந்தாவதாகப் போன ஸ்காட் ஸ்டீவன்ஸும் ஆறாவதாகப் போன ஃபில் ஹவ்ஸ்லியும் பின்னாளில் புகழ் மண்டபத்தில் இடம்பிடித்தார்கள். ஏழு முறை நாரிஸ் வென்ற நிக்லஸ் லிட்ஸ்ட்ராம் 1989-இல் தேர்வானது 53-ஆவது ஆளாக. முதல் நாரிஸ் கைக்கு வந்தபோது அவருக்கு வயது 31. தேர்வாளர்களுக்குக் கண் இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. டிஃபென்ஸ் ஆட்டக்காரரின் வேலை பின்னோக்கிச் சறுக்கியபடியே எதிராளியின் அடுத்த நகர்வைக் கணிப்பது. வேகமும் கைத்திறனும் 18 வயதில் கண்ணுக்குத் தெரியும், நிதானம் தெரியாது. அது ஆட ஆடத்தான் வரும்.

நம்பிக்கை 2: சிறு வயதிலேயே சாதனை படைத்தவர் உச்சத்தைத் தொடாமல் போகமாட்டார்.

உண்மை: டாலின் முதல் சீசனில் 44 பாயின்ட் (கோலும் கோலுக்கான உதவியும் சேர்த்து) எடுத்தார். 18 வயது டிஃபென்ஸ் ஆட்டக்காரர் ஒருவருக்கு அது அன்றுவரை வரலாற்றிலேயே இரண்டாவது பெரிய எண்ணிக்கை. முதலிடத்தில் இருந்தவர் 1982-83-இல் இதே பஃபலோவுக்காக 66 எடுத்த ஹவ்ஸ்லி. டாலினின் அந்த முதல் சீசனில் அவருக்குப் பயிற்சியாளராக இருந்தவரும் அவரே. ஹவ்ஸ்லி பெரிய ஆட்டக்காரர், ஐயமில்லை. ஆனால் நாரிஸ் விருதோ லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையோ அவருக்கு ஒருமுறைகூட வாய்க்கவில்லை. டாலினுக்கு முன்னுதாரணமாகக் காட்டப்படும் சாதனையே சொல்லும் பாடம் இது: சீக்கிரம் மலர்வது வேறு, தலைமுறையை ஆள்வது வேறு. ஆள்வதென்றால் பாபி ஓர் போல: தொடர்ந்து எட்டு முறை நாரிஸ், அதோடு முன்கள ஆட்டக்காரர்களையும் பின்தள்ளி, இரண்டு சீசன்களில் லீகிலேயே அதிக பாயின்ட்.

நம்பிக்கை 3: நல்ல அணி கிடைத்திருந்தால் டாலின் எப்போதோ நிரூபித்திருப்பார்.

உண்மை: இந்த வாதத்தில் பாதி நியாயம் உண்டு. 2011-க்குப் பின் 2025 வரை பஃபலோ ஒருமுறைகூட பிளேஆஃப் சுற்றுக்குப் போகவில்லை. 2020-21-இல் டாலின் களத்தில் இருந்த நேரத்துக் கோல் கணக்கு மைனஸ் 36, லீகிலேயே மோசமானது. அதை அவர் ஒருவர் தலையில் கட்டுவது அநியாயம். ஆனால் அணியின் தோல்வி ஒருவரின் ஒளியை முழுதாக மறைத்துவிடுவதில்லை. 2022-23-இல் பிளேஆஃப் பக்கமே எட்டாத சான் ஹோசே அணியில் ஆடித்தான் எரிக் கார்ல்சன் 101 பாயின்ட் எடுத்து நாரிஸ் வென்றார். அதே சீசனில் டாலின் எடுத்த 73 பாயின்ட் சிறப்பானதே, ஈடற்றது அல்ல.

விருது ஓட்டுப் போடுபவர்களின் ரசனைதானே, அதை வைத்து அளக்கலாமா என்று கேட்கலாம். சரி, விருதை ஒதுக்கிவிட்டே பார்ப்போம். டிஃபென்ஸ் ஆட்டக்காரர்களான ஆடம் ஃபாக்ஸ், கேல் மக்கார், குவின் ஹியூஸ், டாலின் நால்வரும் 1998 பிப்ரவரிக்கும் 2000 ஏப்ரலுக்கும் இடையே பிறந்தவர்கள். ஹியூஸ் ஒரே சீசனில் 92 பாயின்ட் தொட்டார். மக்கார் ஒரு சீசனில் 30 கோல் அடித்தார், 2022-இல் ஸ்டான்லி கோப்பையையும் கொண்டுபோனார். இருபத்தாறு மாதங்களுக்குள் இத்தனை பேர் பிறந்திருக்கும்போது, அவர்களில் முந்தாத ஒருவரை ‘தலைமுறைக்கு ஒருவர்’ என்றால் அந்தச் சொல்லுக்கே பொருள் போய்விடும்.

ஆக, டாலின் அணித்தலைவர் பதவிக்கும் எட்டு ஆண்டு ஒப்பந்தத்துக்கும் தகுதியான முதல்தர ஆட்டக்காரர். ‘தலைமுறைக்கு ஒருவர்’ அல்லர். லிட்ஸ்ட்ராமை நினைத்தால் இந்தத் தீர்ப்பும் மாறக்கூடியதே. 2025 டிராஃப்டில் முதலாவதாக நியூயார்க் ஐலண்டர்ஸ் எடுத்த மேத்யூ ஷேஃபரும் டிஃபென்ஸ் ஆட்டக்காரர்தான். அவருக்கான பட்டத்தையும் அறுவடைக்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.