கூலி வழக்கில் சமரசமும் நீதிமன்றத்தின் ஒப்புதலும்

வாதியும் பிரதிவாதியும் மனமொத்து வழக்கை முடித்துக்கொண்டால், நீதிமன்றத்துக்கு அதில் என்ன வேலை? கடன் வழக்கில் இக்கேள்வி பொருத்தமானதே. ஆனால், அமெரிக்க நாட்டுக் கூலி வழக்குகள் பலவற்றில் நீதிபதியின் ஒப்புதலின்றிச் சமரசம் செல்லாது. இதன் காரணத்தைச் சற்று ஆராய்வோம்.

அதிபர் ரூஸ்வெல்ட் காலத்தில், 1938 ஆம் ஆண்டில், அங்கு நியாயத் தொழில் தரச் சட்டம் இயற்றப்பட்டது. அது குறைந்தபட்சக் கூலியை வரையறுத்தது. வாரத்தில் குறித்த நேரத்துக்கு மேல் உழைத்தால் ஒன்றரை மடங்கு கூலி என்றது. அந்த வரம்பு 1940 முதல் 40 மணி. பாக்கி வைத்த முதலாளி, பாக்கியோடு அதே அளவு தொகையை நட்ட ஈடாகவும் தரவேண்டும்.

சட்டம் வந்தது, அதைத் தாண்டும் வழியும் வந்தது. "இனி எனக்குப் பாக்கி ஏதுமில்லை" என்று தொழிலாளியிடம் எழுதி வாங்கிவிட்டால் போதுமன்றோ? புரூக்ளினில் ஒரு சேமிப்பு வங்கி, தன் இரவுக் காவலாளிக்கு மிகைநேரக் கூலியைக் காலந்தாழ்த்திக் கொடுத்து, அவ்வாறே எழுதி வாங்கியது. அவர் நட்ட ஈடு கேட்டு வழக்குத் தொடர்ந்தார். அப்பத்திரம் அவரைக் கட்டுப்படுத்தாது என 1945 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்வுரிமை தனிமனிதனுடையது மட்டுமன்று, பொதுநலம் சார்ந்தது. ஒருவன் அதை விட்டுக்கொடுத்தால், நேர்மையாகக் கூலி தரும் முதலாளியும் போட்டியில் நலிவான்.

1982 இல் வந்த லின்ஸ் உணவுக் கடைகள் வழக்கு இன்னும் தெளிவானது. பத்தாயிரம் டாலருக்கு மேல் பாக்கி உண்டெனத் தொழிலாளர் துறை கண்டறிந்தது. நிறுவனமோ 14 தொழிலாளரிடம் மொத்தம் ஆயிரம் டாலருக்குக் கையெழுத்து வாங்கியது. அவர்களுள் சிலருக்கு ஆங்கிலமே தெரியாது! மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தொழிலாளர் துறையின் மேற்பார்வை அல்லது நீதிமன்றத்தின் ஒப்புதல் — இவ்விரண்டே சமரசத்துக்கு வழி என்றது.

நீதிபதி பார்ப்பவை யாவை? உழைத்த நேரம், கூலி பற்றி உண்மையான தகராறு உண்டா? தொகை நியாயமானதா? வழக்கறிஞர் கட்டணம் தொழிலாளியின் பங்கை விழுங்குகிறதா?

இதனால் பணம் கைக்கு வரத் தாமதமாகும் என்பார் உளர். 2012 இல் மற்றொரு மேல்முறையீட்டு நீதிமன்றம், உண்மையான தகராறில் தனிச் சமரசமும் செல்லும் என்றது. இவ்வாதத்தையும் தள்ளிவிட முடியாது. எனினும், சமமானவர் இருவர் செய்வதே ஒப்பந்தம். அடுப்பெரிய வழியில்லாதவன் இடும் கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்லுமுன் நடுநிலையாளர் ஒருவர் அதைப் படித்துப் பார்ப்பது நன்றன்றோ!