இரத்தம் திரும்பி வராத லைன்

நல்லூரில் இருந்து யாழ். போதனா வைத்தியசாலை சைக்கிள் தூரம்தான். இதய சத்திரசிகிச்சை முடிந்தவர்களைப் பார்க்கும் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் புதிதாக வரும் தாதிய உத்தியோகத்தருக்கு மொனிற்றர் இரண்டு கிழமையில் பழகிவிடும். கழுத்து நாளத்தில் போட்டிருக்கும் லைனைக் கவனிக்கப் பழகத்தான் நாள் எடுக்கும்.

இரத்த அழுத்தத்தைத் தூக்கும் மருந்துகள் அந்தக் குழாய் வழியாகத்தான் போகின்றன. ஆனால் நாளத்துக்கு அது அந்நியப் பொருள். இரத்தம் உறைய மூன்று காரணங்கள் உண்டு என்று ஜெர்மன் மருத்துவர் விர்கோவின் பெயரால் சொல்வார்கள்: ஓட்டம் தளர்வது, நாளச் சுவர் காயப்படுவது, இரத்தமே உறையத் துடிப்பது. இதய சத்திரசிகிச்சை செய்துகொண்டவரிடம் மூன்றும் சேர்ந்திருக்கும். குழந்தை என்றால் நாளமே ஒடுக்கம். குழாய் போனால் மிஞ்சும் வழி கொஞ்சம்தான்.

உறைவின் முதல் அடையாளம் பலமுறை உங்கள் கைக்குத்தான் தெரியும். நேற்றுவரை சுகமாக இரத்தம் எடுத்த லைன் இன்று தர மறுக்கும். சேலைன் ஏற்றினால் தடுக்கும். புதியவர்கள் பிழை விடுவது இங்கேதான். சின்ன சிறிஞ்சை எடுத்து அமத்துவார்கள். சிறிஞ் சிறுக்கச் சிறுக்க அழுத்தம் கூடும். இரத்தக்கட்டி விலகி நுரையீரலுக்குப் போகலாம், குழாயே வெடிக்கலாம். குழாய் மடிந்திருக்கிறதா, கிளாம்ப் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். 10 மில்லிலீற்றர் சிறிஞ்சால் மெதுவாக முயலுங்கள். முடியவில்லையா, கையை எடுத்துவிட்டு டொக்டரைக் கூப்பிடுங்கள். சாமத்தில் கூப்பிட்டால் எரிந்து விழக்கூடும். விழட்டும். நேரத்தோடு எழுதி வையுங்கள்.

லைன் உள்ள பக்கக் கை, கழுத்து வீங்குகிறதா? கண்ணால் மட்டிட வேண்டாம். இரண்டு கையிலும் ஒரே இடத்தைப் பேனையால் குறித்து நாடாவால் அளவுங்கள். பார்க்க வந்த மனைவி, "இவற்ற முகம் ஊதினமாதிரிக் கிடக்கு, மிஸ்" என்றால் சிரித்து அனுப்பிவிடாதீர்கள். அந்த முகத்தை அவவைவிட யாருக்குத் தெரியும்? எந்த அடையாளமும் காட்டாத கட்டிகளும் உண்டு. அவற்றை டொப்ளர் ஸ்கான்தான் காட்டும்.

கட்டி உறுதியானாலும் லைனை உருவுவது உங்கள் முடிவு அல்ல. அது வேலை செய்கிறது, தேவையும் இருக்கிறது என்றால், வைத்துக்கொண்டே உறைவுக்கெதிரான மருந்து கொடுப்பதுண்டு. புதுக்காயத்தில் இரத்தம் கசியுமா என்பதையும் மருத்துவர் நிறுத்துப் பார்ப்பார்.

அந்த மருந்தாக ஹெப்பாரின் தொடங்கினால் இரத்தத் தட்டுகளின் எண்ணிக்கையில் கண் இருக்கட்டும். சத்திரசிகிச்சை முடிந்த முதல் நாட்களில் எப்படியும் குறையும். ஏறி வந்தபின், 5ஆம் நாளுக்கும் 10ஆம் நாளுக்கும் இடையில் மறுபடி பாதியாகச் சரிந்தால், ஹெப்பாரினே கட்டியை உண்டாக்குகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். அப்போது ஊசியை நிறுத்துவார்கள். லைனைக் கழுவும் ஹெப்பாரின் துளியை மறந்துவிடுவார்கள். அதையும் நீங்கள் ஞாபகப்படுத்துங்கள்.

"இந்த லைன் இன்றைக்கும் வேணுமா?" காலை ரவுண்டில் தினமும் கேளுங்கள். தேவை முடிந்த குழாயை எடுத்துவிடுவதுபோல் நல்ல தடுப்பு வேறில்லை.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயிலடி வீதிகள் மூடியிருக்கும். சுற்றிப் போகும் அவசரத்தில் கடமை ஒப்படைப்பு "லைன் ஓகே" என்று சுருங்கும். அது போதாது. "வலக் கழுத்து, நாலாம் நாள், இரத்தம் திரும்பி வருது, கை அளவு மாறேல்லை." இதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது.