மலைப் பாதையில் சைக்கிளும் நிறம் மாறும் கண்ணாடியும்

ஒளி குறைந்தால் கண்ணுக்குப் பொருள்கள் புலப்படுவதில்லை. ஒளி மிகுந்தாலும் கண் கூசிப் பார்வை மங்குகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில்தான் பார்வை செம்மையாக அமைகிறது. சமவெளிச் சாலையில் சைக்கிள் செலுத்துவோருக்கு இந்நிலை பெரும்பாலும் மெதுவாகவே மாறும். மலைப் பாதையில் செல்வோருக்கோ அது ஒரு மணி நேரத்திற்குள் பலமுறை மாறிவிடுகிறது.

கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்திலுள்ள மூணாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடும் இவ்வூர், கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. இங்கிருந்து தேவிகுளம், கேப் ரோடு, பூப்பாறை வழியாகப் போடிமெட்டு வரை செல்லும் நெடுஞ்சாலை ஏறக்குறைய 42 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் பின் சாலை 17 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கித் தமிழ்நாட்டின் போடிநாயக்கனூரை அடைகிறது. இப்பாதையில் வெயில் நேராக விழும் தேயிலைச் சரிவுகள் உண்டு. பெருமரங்களின் நிழலில் வளரும் ஏலத் தோட்டங்கள் உண்டு. கணப்பொழுதில் சாலையை மூடும் பனிமூட்டமும் உண்டு. ஆனையிறங்கல் போன்ற இடங்களில், நிழலில் அசையாது நிற்பது பாறையா யானையா என்று உரிய நேரத்தில் அறிய வேண்டிய தேவையும் உண்டு.

இத்தகைய பாதையில் செல்வோர் பலர், வெயிலில் கருத்து நிழலில் தெளியும் கண்ணாடியை நாடுகின்றனர். போட்டோகுரோமிக் கண்ணாடி என்று கடைகளில் வழங்குவது இதுவே. இது எவ்வாறு செயல்படுகிறது, மலையில் இதன் இயல்பு எவ்வாறு வேறுபடுகிறது, இதனை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

கண்ணும் ஒளியும்

ஒளிச் செறிவை லக்ஸ் என்னும் அலகால் அளக்கிறோம். நண்பகல் வெயிலில் தரையின் மீது ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் ஒளி விழுகிறது. அடர்ந்த மரநிழலில் இது 1,000 லக்ஸுக்கும் கீழே இறங்கக்கூடும். அதாவது, ஒரு வளைவைத் திரும்பியவுடன் ஒளி நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடலாம்.

இம்மாறுதலைச் சமாளிக்கக் கண்ணின் பாவை விரிந்து சுருங்குகிறது. அதன் விட்டம் சுமார் 2 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டர் வரை மாறக்கூடியது. விட்டம் நான்கு மடங்கானால் பரப்பு பதினாறு மடங்காகும். ஆகவே, பாவையால் மட்டும் நூறு மடங்கு மாறுதலை ஈடுசெய்ய இயலாது. எஞ்சியதை விழித்திரை தன் உணர்திறனைக் கூட்டியும் குறைத்தும் செய்துகொள்கிறது. இருளிலிருந்து வெளிச்சத்திற்கு வரும்போது இவ்வேலை விரைவில் முடிகிறது. வெளிச்சத்திலிருந்து இருளுக்குச் செல்லும்போதோ நெடுநேரம் பிடிக்கிறது. முழு இருளுக்குக் கண் பழகுவதற்கு அரை மணி நேரமாகும். நிழலில் நுழையும்போது கண்ணே பின்தங்குகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கண்ணாடியும் உடன் பின்தங்கினால் இடர்ப்பாடு இரட்டிப்பாகும்.

நிறம் மாறும் முறை

ஒளியால் பொருள்கள் நிறம் மாறி மீண்டும் பழைய நிறத்தைப் பெறுவதை விஞ்ஞானிகள் நெடுங்காலமாக அறிவர். டெட்ராசீன் என்னும் பொருளின் கரைசல் வெயிலில் நிறமிழந்து இருளில் மீண்டும் நிறம் பெறுவதை 1867ஆம் ஆண்டில் பிரிட்சே என்பவர் கண்டறிந்து கூறினார். 1950இல் ஹிர்ஷ்பெர்க் என்னும் விஞ்ஞானி இந்நிகழ்ச்சிக்குப் போட்டோகுரோமிசம் என்று பெயரிட்டார். 1960களில் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்மிஸ்டெட், ஸ்டூக்கி ஆகிய இருவரும் மூக்குக்கண்ணாடிக்கு ஏற்ற வகையை உருவாக்கினர். கண்ணாடிக்குள் மிக நுண்ணிய வெள்ளி உப்புப் படிகங்களை அவர்கள் அமைத்தனர். ஒளி பட்டதும் வெள்ளி அயனிகள் வெள்ளித் துகள்களாக மாறிக் கண்ணாடியைக் கருக்கச் செய்கின்றன; ஒளி நீங்கியதும் உடனிருக்கும் செம்பு அயனிகளின் துணையால் அவை மீண்டும் பழைய நிலையை அடைகின்றன.

இன்று சைக்கிள் செலுத்துவோர் அணிவது பெரும்பாலும் பிளாஸ்டிக் வில்லைகளே. இவற்றில் வெள்ளிக்குப் பதிலாகக் கரிமச் சாய மூலக்கூறுகள் உள்ளன. சாதாரண நிலையில் இம்மூலக்கூறுகள் மூடிய வளையமாக இருந்து கண்ணுக்குப் புலனாகும் ஒளியைத் தடையின்றி விடுகின்றன. புற ஊதாக் கதிர் பட்டதும் வளையத்தின் ஒரு பிணைப்பு அறுந்து, மூலக்கூறு விரிந்து தட்டையாகிறது. அவ்வடிவில் அது ஒளியை உறிஞ்சுகிறது, வில்லை கருக்கிறது. சுற்றுப்புற வெப்பம் விரிந்த மூலக்கூறுகளைத் தொடர்ந்து மூடிக்கொண்டே இருக்கிறது, வில்லை தெளிகிறது.

ஆகவே வில்லையின் கருமை ஒரு தராசைப் போன்றது. ஒரு தட்டில் புற ஊதாக் கதிர். மறு தட்டில் வெப்பம். இவற்றுள் எது மிகுகிறதோ அதற்கேற்பக் கருமை கூடும் அல்லது குறையும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்திற்கு இத்தராசில் பெரும் பங்கில்லை. கார்க் கண்ணாடிக்குப் பின்னால் இவ்வில்லைகள் சரியாகக் கருக்காததற்குக் காரணமும் இதுவே. புற ஊதாக் கதிரின் பெரும்பகுதியைக் காரின் முன்கண்ணாடி தடுத்துவிடுகிறது.

மலையில் தோன்றும் வேறுபாடுகள்

மேற்கூறிய தராசைக் கொண்டு மூணாற்றின் நிலையை ஆராய்ந்தால் மூன்று முடிவுகள் கிடைக்கின்றன.

முதலாவது, உயரம். ஒவ்வோர் 1,000 மீட்டர் உயரத்திற்கும் புற ஊதாக் கதிர் 10 முதல் 12 சதவீதம் மிகுகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. எனவே 1,500 மீட்டர் உயரத்தில் இக்கதிர் கடற்கரையைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மிகுதியாக இருக்கும். வில்லை நன்கு கருக்கும்.

இரண்டாவது, குளிர். மார்கழி, தை மாதங்களில் மூணாற்றின் சில எஸ்டேட்டுகளில் உறைபனி காணப்படுவதுண்டு. குளிரில் மூலக்கூறுகள் மெதுவாகவே மூடுகின்றன. ஆகையால் வில்லை மிகுதியாகக் கருப்பதோடு, தெளிவதற்கும் நெடுநேரம் எடுத்துக்கொள்கிறது. போடிநாயக்கனூரின் கோடை வெயிலிலோ நிலைமை நேர்மாறாகும். அங்கு வெப்பம் மிகுதியாதலால் அதே வில்லை போதிய அளவு கருக்காது. கண்ணாடி பழுதடைந்துவிட்டதோ என்று ஐயுறத் தேவையில்லை. தராசின் மறு தட்டு தாழ்ந்துவிட்டது, அவ்வளவே.

மூன்றாவது, பனிமூட்டம். மெல்லிய மேகத்தினூடே புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை ஊடுருவக்கூடும். எனவே சாலை சரியாகத் தெரியாத வெண்பனியிலும் வில்லை கருத்தே இருக்கலாம். பார்வைக்கு ஒளி மிகவும் தேவைப்படும் நேரத்தில் கண்ணாடி அதனைத் தடுத்து நிற்கும் நிலை இது.

ஏற்றமும் இறக்கமும்

பிளாஸ்டிக் வில்லைகள் பொதுவாக ஒரு நிமிடத்திற்குள் பெரும்பாலும் கருத்துவிடும். தெளிவதற்கோ பல நிமிடங்கள் ஆகும். இக்கால அளவைச் சைக்கிளின் வேகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

300 மீட்டர் நீளமுள்ள நிழற்பகுதி ஒன்றைக் கொள்வோம். ஏற்றத்தில் மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் இதனைக் கடக்க 2 நிமிடங்கள் ஆகும். அதற்குள் வில்லை ஓரளவு தெளிந்துவிடும். வேகம் குறைவாதலால் ஆபத்தும் குறைவு. இறக்கத்தில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வருபவரோ நொடிக்கு 10 மீட்டர் செல்கிறார். அதே நிழலை 30 நொடிகளில் கடந்துவிடுகிறார். போதாக்குறைக்கு, எதிர்க்காற்று வில்லையைக் குளிர்விக்கிறது. அவர் கண்ணாடி தெளியத் தொடங்குவதற்குள் நிழல் முடிந்து வெயில் வந்துவிடுகிறது.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். இறக்கத்தில் நிறம் மாறும் கண்ணாடி நிறம் மாறாத கருங்கண்ணாடியாகவே பயன்படுகிறது. ஆகவே மலைப் பாதைக்குக் கண்ணாடி வாங்குவோர், “வெயிலில் இது எவ்வளவு கருக்கும்?” என்று மகிழ்ந்து பார்ப்பதைவிட, “முழுதும் கருத்த நிலையில் இதைக் கொண்டு நிழலில் என்னால் காண முடியுமா?” என்று கேட்பதே அறிவுடைமை.

தேர்ந்தெடுக்கும் முறை

1. எண்ணைப் பார்க்க வேண்டும். வெயில் கண்ணாடிகள் ஊடுருவும் ஒளியின் அளவைக் கொண்டு 0 முதல் 4 வரை ஐந்து வகைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. 0 வகை 80 சதவீதத்திற்கு மேற்பட்ட ஒளியை விடும். 1ஆம் வகை 43 முதல் 80 வரை. 2ஆம் வகை 18 முதல் 43 வரை. 3ஆம் வகை 8 முதல் 18 வரை. 4ஆம் வகை 3 முதல் 8 சதவீதம் வரை. நிறம் மாறும் கண்ணாடியில் “0–2”, “1–3” என்பது போன்று இரண்டு எண்கள் குறிக்கப்பட்டிருக்கும். 4ஆம் வகையைச் சாலையில் வாகனம் ஓட்ட அணியலாகாது.

2. மூணாறு போன்ற, நிழலும் பனியும் மிகுந்த பாதைக்கு “0–2” வகை பொருத்தமானது. 1,000 லக்ஸ் நிழலில் 30 சதவீத வில்லை வழியே 300 லக்ஸுக்குரிய ஒளி கண்ணை அடையும். 12 சதவீத வில்லை வழியே 120 லக்ஸுக்குரியதே அடையும். மேலும், அட்டையில் குறித்த அளவுகள் பொதுவாக 23 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் எடுக்கப்பட்டவை. குளிரில் வில்லை அதைவிடக் கருக்கும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நிழலற்ற சமவெளியில் நெடுந்தூரம் செல்வோருக்கு “1–3” ஏற்றதாகலாம்.

3. தெளிந்த நிலையிலும் சிறிது சாயம் எஞ்சியிருக்கும் கண்ணாடிகள் உண்டு. 75 சதவீதத்திற்குக் குறைந்த ஒளியை விடுபவை அந்தி நேரத்திலும் இரவிலும் சாலைக்கு ஏற்றவை அல்ல.

4. கருமை வேறு, பாதுகாப்பு வேறு. 400 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்ற குறிப்பு இருத்தல் வேண்டும். அத்தடுப்பு இல்லாத கருங்கண்ணாடி தீமையே செய்யும். அதன் பின்னால் பாவை விரிந்து, கதிரை மேலும் உள்ளே விடுகிறது.

5. சைக்கிளுக்கு உடையும் கண்ணாடி கூடாது. கல் தெறித்தாலும் கீழே விழுந்தாலும் சிதறாத பாலிகார்பனேட் வில்லையே நல்லது. பக்கவாட்டில் காற்றும் பூச்சியும் புகாதபடி வளைந்திருக்க வேண்டும். மூச்சின் ஆவி படியாதபடி சிறிது காற்றோட்டமும் வேண்டும்.

6. சாம்பல் நிறம் பொருள்களின் நிறத்தை அதிகம் திரிக்காது. பழுப்பு நிறமும் பலருக்கு இதமாக இருக்கும். சிவப்பு விளக்கை மங்கச் செய்யும் அழுத்தமான நீல நிறத்தைத் தவிர்க்க வேண்டும். போலரைஸ்டு வில்லைகள் ஈரச் சாலையின் பளபளப்பை நீக்குகின்றன. ஆனால் வழுக்கும் இடத்தை முன்னறிவிப்பதும் அப்பளபளப்பே என்பதை மறத்தலாகாது.

ஓர் எளிய சோதனை

வாங்கிய கண்ணாடியின் இயல்பை வீட்டிலேயே அறியலாம். ஒரு வில்லையின் பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடி இரண்டு நிமிடம் வெயிலில் வைக்க வேண்டும். பின்னர் வீட்டினுள் கொண்டுவந்து, காகிதத்தை நீக்கி, வெள்ளைத் தாளின் மீது வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பாதி கருத்தும் மறு பாதி தெளிந்தும் இருக்கும். இரு பாதிகளும் வேறுபாடின்றி ஒன்றாகும் வரை எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்க. இதே சோதனையைக் குளிர்ந்த காலையிலும் வெப்பமான பிற்பகலிலும் செய்தால் வேறுபாடு புலப்படும். குளிர்காலையில் கிடைத்த எண்ணே மலைப் பயணத்திற்கு உரியது. சாய மூலக்கூறுகள் சில ஆண்டுகளில் தளர்ந்துவிடுமாதலால், ஆண்டுக்கு ஒரு முறை இச்சோதனையைச் செய்து பார்ப்பது நலம்.

முடிவுரை

திரவப் படிகத்தைக் கொண்டு நொடிக்கும் குறைந்த நேரத்தில் கருமை மாறும் மின் கண்ணாடிகளும் இன்று விற்பனைக்கு வந்துள்ளன. இவை விலை மிகுந்தவை. சாயத்தால் நிறம் மாறும் கண்ணாடியே பெரும்பாலோருக்குக் கிட்டுவது. அதன் இயல்பறிந்து பயன்படுத்தினால் அது போதுமானது. நீண்ட இறக்கம் தொடங்குமுன் ஒரு நிமிடம் நின்று, எதிரேயுள்ள சாலை வெயிலா, நிழலா, பனியா என்று நோக்க வேண்டும். பனியாயின் கண்ணாடியைக் கழற்றித் தெளிந்த கண்ணாடியை அணிவது சிறந்தது. நிழலாயின் நுழையுமுன்னரே பிரேக்கைப் பிடித்து வேகத்தைக் குறைக்க வேண்டும். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் தேவைப்படும் காலத்தை அளிப்பது சைக்கிள் செலுத்துவோர் கையில்தான் இருக்கிறது.