கோடை விடுமுறையும் குலைந்த உறக்கமும்

கேள்வி: பத்தாம் வகுப்புக்குப் போகவிருக்கும் என் மகன், விடுமுறையில் இரவு இரண்டு மணிவரை விழித்திருந்து, காலை பத்து மணிக்கு எழுகிறான். ஜூனில் பள்ளி திறக்குமுன் இதை மாற்றுவது எப்படி?
— ஒரு தாயார், பாபநாசம்.

பதில்: நரசிம்ம ஜயந்தியையொட்டி மெலட்டூரில் பாகவத மேளா நாடகங்களை விடிய விடியக் கண்டு களித்த தஞ்சை ஜில்லாவாசிகளுக்குக் கண்விழித்தல் புதிதன்று, ஆனால் அது சில இரவுகளோடு முடியும் உற்சவம், தங்கள் குமாரனுடையதோ கோடை முழுதும் நீண்டுவிட்ட கைப்பேசி விரதம். தேகத்தின் உள்ளே நேரங்காட்டும் சூட்சுமத்தை ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானிகள் மூவர் 2017-இல் நோபல் பரிசு பெற்றனர். அந்த நேரங்காட்டியைத் திருத்தும் பிரதான சாதனம் காலை வெளிச்சமே. ஆதலின், சீக்கிரம் படுக்கும்படி நிர்ப்பந்திப்பதை விடுத்து, எழும் நேரத்தை இரண்டு நாளுக்கு அரைமணி வீதம் முன்னே தள்ளி, எழுந்ததும் வாய்க்கால் கரைக்கோ வயல் வரப்புக்கோ அனுப்பிவையுங்கள். பத்திலிருந்து ஆறுக்கு வர 16 நாள் பிடிக்கும் என்பதால், மே மத்தியிலேயே தொடங்குவது உசிதம். நீண்ட பகல் தூக்கம் வேண்டாம். கும்பகோணம் டிகிரி காப்பியும், ஊர் அபிமானத்தை ஒதுக்கிவைத்துச் சொல்கிறேன், பிற்பகலுக்குமேல் கூடாது. இப்பருவத்தில் உறக்கம் தாமதித்து வருவது ஓரளவு சரீர சுபாவம். சோம்பேறி என்று ஏச வேண்டாம். அவனுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் அவசியம். இரவில் தங்கள் கைப்பேசியையும் அவன் எதிரிலேயே அணைத்து வைத்துவிடுங்கள்.