94-க்குக் கீழே போனால்

2021 மே கடைசி வாரத்தில், தினசரி கொரோனா எண்ணிக்கையில் கோவை மாவட்டம் சென்னையை முந்தியது. அதற்குச் சில நாள் முன்பு, மே 21 அன்று, தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியாகியிருந்தது. சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் படுக்கைக்குத் தட்டுப்பாடு. கண்காட்சிகள் நடக்கும் கொடிசியா அரங்குகளில் வரிசையாகக் கட்டில் போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் நால்வர்: மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அப்பா, அம்மா, மனைவி, நான். அப்பாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. முதலில் காய்ச்சல் வந்ததும் அவருக்குத்தான்.

அந்த நாட்களில் எங்களை நிலைகுலையாமல் வைத்திருந்தவை சில ஏற்பாடுகள். பாதி எங்கள் குடும்ப மருத்துவர் சொன்னவை, மீதி நாங்களே பழகிக்கொண்டவை. அடுத்த தொற்றுக்காக மட்டும் இதை எழுதவில்லை. வீட்டில் ஒருவர் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கும்போது, "என்ன ஆகுமோ" என்று எல்லோரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருக்கும்போது, இவற்றில் ஏதேனும் ஒன்று கைகொடுக்கும் என்று நம்புகிறேன்.

காய்ச்சல் வந்தவுடன் மருத்துவர் கேட்ட கேள்வி, "உடம்பு வலி என்னிக்கு ஆரம்பிச்சுது?" என்பது. சளி மாதிரி எடுத்த நாளையோ முடிவு வந்த நாளையோ அவர் கேட்கவில்லை. முதல் அறிகுறி தெரிந்த நாளே முதல் நாள், அதிலிருந்து எண்ணுங்கள் என்றார். இந்த நோயில் முதல் நான்கைந்து நாள் காய்ச்சலும் வலியுமாகப் போகும். பலருக்கு அதோடு இறங்கிவிடும். சிலருக்கு மட்டும் ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் மூச்சில் சிக்கல் தொடங்கும். ஆகவே காய்ச்சல் விட்டுவிட்டது என்று அசந்துவிடக் கூடாத காலம் அது. அப்பா காய்ச்சலை வைத்துக் கணக்குச் சொன்னார். அம்மாதான், "அதுக்கு மொத நாளே கால் கடுக்குதுன்னு சொன்னீங்களே" என்று நினைவுபடுத்தினார். நாட்காட்டியில் அந்தத் தேதியில் வட்டம் போட்டோம். எந்த நாட்களில் கவனமாக இருக்க வேண்டும் என்று தெரிந்ததே பெரிய ஆறுதல். எல்லா நாளும் ஒரே அளவுக்குப் பயப்பட வேண்டிய அவசியம் போய்விட்டது.

ஆர்.டி.பி.சி.ஆர். முடிவு வரத் தாமதமானது. காத்திருக்கும் அந்த இடைவெளியில் வீடு ஊசலாடும். "வெறும் சளிக் காய்ச்சலா இருக்கும்" என்று ஒரு மணி நேரம், "அதுவேதான்" என்று அடுத்த ஒரு மணி நேரம். மருத்துவர் அந்த ஊசலாட்டத்தைச் சுலபமாக நிறுத்தினார். முடிவு எதுவானாலும் இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தனி அறை, முகக்கவசம், ஜன்னலைத் திறந்து வைப்பது, தண்ணீர், பாராசிட்டமால், அளவுகளைக் குறித்து வைப்பது. இல்லை என்று முடிவு வந்தாலும் அறிகுறி இருக்கும்வரை இதையே தொடரச் சொன்னார். மாதிரி எடுத்த விதத்தாலோ எடுத்த நாளாலோ அந்தப் பரிசோதனை சிலருக்குத் தொற்றைத் தவறவிடும். முடிவு என்ன சொல்லும் என்ற கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை, இன்று மாலைக்குள் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு இருந்தது. இரண்டாவதை மட்டும் பேசுவது என்று வைத்துக்கொண்டோம்.

இனி, நான் மிக முக்கியமாக நினைக்கும் ஏற்பாடு. அப்பாவின் ஆக்சிஜன் அளவு 97 இருந்த ஒரு பகலில், அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவரிடம் பேசினேன். எந்த அளவு வந்தால் என்ன செய்வது என்று அவரையும் கேட்டே ஒரு தாளில் எழுதினோம். 94-ம் அதற்கு மேலும் இருந்தால் வீட்டில். அதற்குக் கீழே போனால் குப்புறப் படுக்க வைத்துவிட்டு உடனே மருத்துவருக்கு போன், மருத்துவமனைக்குக் கிளம்புவது. 90-க்குக் கீழே, அல்லது உதடு நீலமாவது, நெஞ்சில் அழுத்தம், பேச்சுக் குழறல், ஆளை அடையாளம் காணத் தடுமாறுவது ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தால் அளவைக்கூடப் பார்க்க வேண்டாம், 108. எந்த மருத்துவமனை முதலில், அங்கே இடமில்லாவிட்டால் எங்கே, கார் யார் ஓட்டுவது, வீட்டில் யார் இருப்பது எல்லாம் அதே தாளில். மாநில அரசின் 104 உதவி எண்ணும் மேலே பெரிதாக. அப்பா கீழே கையெழுத்துப் போட்டார். அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினோம். (இந்த எண்கள் அன்றைய கொரோனா வழிகாட்டுதல்படி எங்கள் மருத்துவர் சொன்னவை. நாள்பட்ட நுரையீரல் நோய் இருப்பவர்களுக்கு அளவு வேறு. அதை அவரவர் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.)

கூடவே ஒரு பையும் தயாரானது. ஆதார் நகல், சர்க்கரை மாத்திரைச் சீட்டு, மாத்திரைகள், மூக்குக் கண்ணாடி, பல்செட் டப்பா, போன், சார்ஜர், நீள வயர் ஒன்று. தாளில் எழுதிய எங்கள் போன் எண்களும். போனில் சார்ஜ் போய்விட்டால் வயதானவர்களுக்கு ஒரு எண்கூட மனப்பாடமாக இருக்காது. அப்பா பின்னர் போன வார்டில் உடனிருக்க யாரையும் விடவில்லை. அந்த வயரும் போனும்தான் அவருக்கும் எங்களுக்கும் நடுவே இருந்த பாலம்.

ஒரு ராத்திரி அந்தத் தாள் தேவைப்பட்டது. நடக்க வைத்துப் பார்த்தபோது 92 காட்டியது. விரலை மாற்றிப் பார்த்தோம், கையைத் தேய்த்துச் சூடாக்கிப் பார்த்தோம், அதே 92. "விடிஞ்சு பாத்துக்கலாஞ் சாமி, இந்நேரத்துல யாரைப் போயி எழுப்புவ" என்றார் அப்பா. அம்மாவுக்கும் அவரை அனுப்ப மனமில்லை. அன்று மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர்கள் பலர் திரும்பி வரவில்லை என்ற செய்திகள்தானே காதில் விழுந்துகொண்டிருந்தன. நான் ஃபிரிட்ஜைக் காட்டினேன். அவர் தன் கையெழுத்தைப் பார்த்தார், எழுந்து செருப்பைத் தேடினார். வாக்குவாதம் செய்து அவரைச் சம்மதிக்க வைக்க வேண்டியிருந்தால் விடிந்திருக்கும். ஆக்சிஜன் வைத்தார்கள். சில நாளில் தேறி வந்தார். மருத்துவர்கள் சொன்னது, சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்பதே.

இந்த நோயில் ஆக்சிஜன் குறைந்தாலும் சிலருக்கு மூச்சுத் திணறலே தெரியாது, பேசிக்கொண்டும் சாப்பிட்டுக்கொண்டும் இருப்பார்கள். அதனால்தான் விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் என்ற அந்தச் சின்னக் கருவி தேவைப்பட்டது, அதனால்தான் நடக்க வைத்துப் பார்ப்பதும். உட்கார்ந்த நிலையில் 94-க்கு மேல் இருப்பவரை ஆறு நிமிடம் அறைக்குள் நடக்க வைத்து அளவு விழுகிறதா என்று பார்ப்பது. அப்பாவின் வயதுக்கு மூன்று நிமிடம் போதும் என்றார் மருத்துவர், அதுவும் ஒருவர் வாசலில் நின்று பார்க்க வேண்டும், மூச்சு வாங்கினால் நிறுத்திவிட வேண்டும். கருவியைப் பயன்படுத்துவதிலும் விஷயம் இருக்கிறது. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு பார்ப்பது. மருதாணி, நகப்பூச்சு இல்லாத விரல். விரல் சில்லென்று இருந்தால் தவறாகக் காட்டும். எண் நிலைக்கும்வரை பொறுத்து, அப்புறம் குறிப்பது. கறுத்த தோலில் இந்தக் கருவிகள் சில சமயம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டுவதாக 2020 இறுதியிலேயே அமெரிக்க ஆய்வு ஒன்று வந்திருந்தது. ஆகவே எண் நன்றாக இருந்து ஆள் வாடிக்கொண்டே போனால், ஆளைத்தான் நம்ப வேண்டும்.

அதே கருவி பயத்தையும் வளர்க்கும். பக்கத்துத் தெருவில் ஒருவர் அதை விரலிலிருந்து கழற்றவே மாட்டேன் என்று தூக்கமில்லாமல் கிடந்தார். நாங்கள் ஒரு நாளைக்கு நான்கு வேளை என்று வைத்துக்கொண்டோம். பழைய டைரியில் நேரம், காய்ச்சல், ஆக்சிஜன், நாடித்துடிப்பு, சர்க்கரை. இடையில் யாருக்கும் சந்தேகம் வந்தால் பார்க்கலாம், ஆனால் எழுத வேண்டும். எழுதியதைப் புரட்டும்போது 96, 97, 96 என்று போவது தெரியும். ஒற்றை எண் தரும் பதற்றத்தை அந்த வரிசை ஆற்றிவிடும்.

மனைவிக்கும் எனக்கும் தொற்று லேசாக வந்து போனது. எனக்கு வந்த தொல்லை வேறு. ராத்திரி படுத்ததும் நெஞ்சு இறுகும், இதயம் அடித்துக்கொள்ளும், மூச்சு பாதியில் நிற்பதுபோல இருக்கும். அந்நேரத்தில் நோயா பயமா என்று யோசித்தால் பயம் பெருகும். யோசிக்காமல் அளந்தேன். ஆக்சிஜன் 98. ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று மனைவி எண்ணினாள். ஓய்வில் 24-க்கு மேல் போனால்தான் கவலை என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேசிப் பார்ப்பேன். மூன்றும் சரியாக இருந்தால், மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கி, எண்ணிக்கொண்டே படுத்திருப்பேன். மெதுவாக அடங்கும். காலையில் மருத்துவரிடம் சொன்னேன். ஒரு இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இப்போ தூக்கம்தான் மருந்து" என்றார். கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. பதற்றமும் உடம்பின் வேதனைதான், அதற்கும் மருத்துவர் இருக்கிறார்.

நாலா பக்கமிருந்தும் மருந்துச் சீட்டுகள் வாட்ஸ்அப்பில் வந்தன. உறவுக்காரர் ஒருவர் அன்போடு அனுப்பிய சீட்டில் ஸ்டீராய்டு மாத்திரையும் இருந்தது, காய்ச்சலின் முதல் நாளிலிருந்தே சாப்பிடச் சொல்லி. மருத்துவர் திட்டவட்டமாக மறுத்தார். டெக்ஸாமெத்தசோன் உயிர் காக்கும் என்று 2020 ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு காட்டியது உண்மை. ஆனால் அது ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கு. தேவைப்படாதவர்களுக்குப் பலன் தெரியவில்லை. சர்க்கரை உள்ளவருக்கு ஸ்டீராய்டு சர்க்கரையை எகிற வைக்கும். அந்த மே மாதத்தில் பலரின் கண்ணைப் பறித்த கறுப்புப் பூஞ்சை நோய்க்கு அதுவும் ஒரு வழி திறந்தது. முதல் வாரத்திலேயே சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்லி அழுத்தியவர்களும் உண்டு. அறிகுறியே இல்லாதவர்களுக்கும் ஸ்கேனில் திட்டுகள் தெரியலாம், ஸ்கேன் மதிப்பெண் 25-க்கு 8 என்று கேட்டுவிட்டு எட்டு நாள் தூங்காமல் இருப்பீர்கள், அதனால் சிகிச்சை மாறப்போவதில்லை என்றார். ரெம்டெசிவிருக்காகச் சென்னை கீழ்ப்பாக்கத்தில் மக்கள் விடிய விடிய வரிசையில் நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்து மனம் வெடித்தது. அந்த மருந்து இறப்பைக் குறைப்பதற்குப் போதிய சான்றில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது. யாருடைய சொல்லைக் கேட்பது என்பதை நோய் வருவதற்கு முன்பே ஒரு வீடு தீர்மானித்துவிட வேண்டும். எங்களுக்கு ஒரே மருத்துவர். கபசுரக் குடிநீர் உட்பட எதைக் கொடுத்தாலும் அவரிடம் சொல்லிவிட்டே கொடுத்தோம்.

செய்திக்கும் ஓர் ஒழுங்கு வேண்டியிருந்தது. திருப்பூரில் இருந்த தங்கையிடம், "நீ மட்டும் செய்தி பாரு, எங்களுக்குத் தேவையானதை சாயங்காலம் சொல்லு" என்று ஒப்படைத்தோம். அப்பாவின் நிலவரத்தையும் அவளே எல்லா உறவினர்களுக்கும் ஒரு குரல் பதிவாக அனுப்பினாள். ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்பச் சொல்லும்போது நோய் கூடிக்கொண்டே போவதுபோல இருக்கும். அது நின்றது.

ஆனால் ஒரு செய்தியை ஒழுங்கு செய்ய முடியவில்லை. அப்பா காய்ச்சலில் இருந்தபோது ஊரில் சின்னப்பாரு தவறிவிட்டார். எங்கள் பக்கம் எழவுக்குப் போகாமல் இருப்பது லேசான காரியமில்லை. சொந்தத் தம்பி வேறு. சொல்வதா மறைப்பதா என்று அம்மாவும் நானும் சமையலறையில் கிசுகிசுத்தோம். காய்ச்சல் தணியும்வரை நாமாகச் சொல்ல வேண்டாம், அவராகக் கேட்டால் பொய் சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தோம். அவர் கேட்டார். அறை வாசலில் நின்று சொன்னேன். உள்ளே போய் அணைத்துக்கொள்ள முடியாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் அழுதார். பிறகு, தம்பியோடு மில்லுக்கு சைக்கிளில் போன நாட்களைச் சொல்ல ஆரம்பித்தார். அன்று பொய் சொல்லியிருந்தால், பின்னால் மருத்துவமனைக்குக் கிளம்பச் சொன்ன என் வார்த்தையை அவர் நம்பியிருப்பாரா என்று தெரியவில்லை.

அப்பா ஏப்ரலிலேயே தடுப்பூசி போட்டிருக்கலாம், 45 வயது கடந்தவர்களுக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். நடிகர் விவேக் ஊசி போட்ட மறுநாள் மாரடைப்பில் மயங்கி விழுந்து, ஏப்ரல் 17 அன்று இறந்ததும், "கொஞ்ச நாள் போகட்டும்" என்றுவிட்டார். ஊசிக்கும் அந்த மாரடைப்புக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் அன்றே விளக்கினார்கள். ஆனால் பிரியமான ஒரு முகம் போன துக்கத்தில் விளக்கம் யார் காதிலும் ஏறவில்லை. குணமானவர்கள் மூன்று மாதம் கழித்துப் போடலாம் என்பது அப்போதைய விதி. அந்த மூன்று மாதமும் நான் அவரை அவசரப்படுத்தவில்லை. என்ன பயம் என்று கேட்டேன். ஊசி போட்ட ராத்திரி ஏதாவது ஆகிவிட்டால் என்பதுதான் பயம். நேராக மருத்துவரிடம் அழைத்துப் போய் அதையே கேட்கச் சொன்னேன். ஓரிரு நாள் காய்ச்சல், கை வலி, அசதி வரலாம், அதற்குப் பாராசிட்டமால் போதும். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே கூப்பிடுங்கள் என்று அவர் அப்பாவிடமே சொன்னார். ஊசி போட்ட அன்று ராத்திரி காய்ச்சல் வந்தது. அப்பா தானே எழுந்து மாத்திரை போட்டுக்கொண்டு, யாரையும் எழுப்பாமல் படுத்துவிட்டார். எங்களுக்குக் காலையில்தான் தெரிந்தது.