சுமை தேடும் வண்டியும் வண்டி தேடும் சுமையும்

(இரண்டாம் ஆண்டுத் தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவர் ஒருவர் எழுதியது)

1. முன்னுரை

பண்டைத் தமிழகத்தில் உப்பு வாணிகம் செய்தோர் உமணர் எனப்பட்டனர். நெய்தல் நிலத்தில் விளைந்த உப்பை எருது பூட்டிய வண்டிகளில் ஏற்றி, மனைவி மக்களுடன் கூட்டமாக உள்நாடு சென்று, ஆங்கு அதனை நெல்லுக்கு மாற்றினர் என்பதைச் சங்கச் செய்யுட்களைப் பயில்வார் நன்கறிவர். அவற்றை வகுப்பிற் பயின்றபொழுது என் உள்ளத்தில் ஒரு கருத்து உதித்தது. உப்புக் கொண்டு சென்ற வண்டி நெற்கொண்டு மீளுமாயின், வெறுவண்டியாகத் திரும்பும் இடர் அவ்வுமணனுக்கு இல்லை. ஏற்றியவனும் அவனே, ஓட்டியவனும் அவனே, விற்றவனும் அவனே. சுமைக்குரியவர் ஒருவரும் வண்டிக்குரியவர் மற்றொருவருமாகப் பிரிந்த பின்னரே, இவ்வண்டிக்குச் சுமை எங்கே, இச்சுமைக்கு வண்டி எங்கே என்னும் இரு வினாக்களும் பெரியனவாயின. அவற்றிற்கு இக்காலத்தார் கண்ட விடையே இணையவழிச் சரக்குச் சந்தை. அதன் இயல்பும் பயனும் குறையும் இவை என ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. வெறுவண்டியின் கணக்கு

இவ்வினாக்களின் அருமையை அறிய ஒரு சிறு கணக்குப் போதும். ஓரூரிலிருந்து 1,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மற்றோரூருக்கு ஒரு லாரி சுமையேற்றிச் செல்கின்றது எனக் கொள்வோம். வாடகை 60,000 ரூபாய். சுமையோடு செல்லுங்கால் ஒரு லிட்டர் டீசலுக்கு 4 கிலோமீட்டர் ஓடுமாயின் 250 லிட்டர் வேண்டும். லிட்டர் 90 ரூபாயாக 22,500 ரூபாய். சுங்கச் சாவடிகளுக்கு 7,000. ஓட்டுநர் படி முதலியவற்றிற்கு 5,500. ஆகச் செலவு 35,000 ரூபாய்; மிச்சம் 25,000 ரூபாய்.

இனி, அவ்வண்டி வெறிதே மீள்வதாகக் கொள்வோம். லிட்டருக்கு 5 கிலோமீட்டராக 200 லிட்டர் டீசல் செல்லும். அதன் விலை 18,000 ரூபாய். சுங்கமும் படியும் குறையா. ஆகச் செலவு 30,500 ரூபாய், வரவோ ஒன்றுமில்லை. முன்னர்க் கண்ட மிச்சம் முழுதும் கரைந்து, அதன்மேலும் 5,500 ரூபாய் கையிலிருந்து போகின்றது. வண்டிக் கடனின் மாதத் தவணை, டயர்த் தேய்மானம், காப்பீடு என்பன இக்கணக்கில் இன்னும் ஏறவில்லை.

இக்கணக்கினுள் மறைந்து கிடக்கும் மற்றோர் உண்மையும் உண்டு. வெறிதே மீளினும் 30,500 ரூபாய் செலவாகும். சுமையோடு மீளின் 35,000 ரூபாய் ஆகும். வேறுபாடு 4,500 ரூபாயே. ஆதலின், 10,000 ரூபாய்க்கு ஒரு சுமை கிடைப்பினும், வெறிதே வருதலினும் அது நன்றென உரிமையாளர் கருதுவர். சுமை குறைந்த திசையில் வாடகை மிகத் தாழ்ந்து நிற்பதற்கும், அயலூரிற் காத்திருக்கும் ஓட்டுநர் சொன்ன விலைக்கு இசைவதற்கும் காரணம் இதுவே. இக்காரணத்தைப் படிப்பவர் மனத்திற் கொள்ளவேண்டும். பின்னர்க் கூறப்போகும் தீங்குகட்கெல்லாம் இதுவே வேராகும்.

3. பலகையின் வரலாறு

அயலூரில் திரும்பு சுமை தேடுவோர் நெடுங்காலமாக நாடிவந்த இடம் லாரி புக்கிங் ஆபீஸ். ஓட்டுநர் தம் வண்டியை நிறுத்திவிட்டு ஆங்குச் சென்று, தம் முறை வருமளவும் காத்திருப்பார். எவ்விடத்தில் எச்சுமை உளது என்பதைத் தரகர் அறிவார், ஓட்டுநர் அறியார். அவ்வறிவிற்குரிய விலையே தரகு எனப்பட்டது.

இவ்விடர் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. 1978-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டு நகரில், ஜூபிட்ஸ் என்னும் லாரி தங்குமிடத்தில், ஏற்றுதற்குரிய சுமைகளின் விவரங்கள் ஒரு திரையிற் காட்டப்பட்டன. அங்கு உணவருந்த வந்த ஓட்டுநர், எந்நகருக்குச் செல்லும் சுமை எங்குளது என்பதைத் தாமே கண்டு தொலைபேசியில் பேசிக்கொண்டனர். 'டயல்-எ-டிரக்' எனப் பெயர் பெற்ற அம்முயற்சியே பின்னர் டி.ஏ.டி. என்னும் பெரு நிறுவனமாக வளர்ந்தது. 1980-இல் அந்நாட்டில் இயற்றப்பட்ட மோட்டார் சரக்கேற்றுச் சட்டம், தொழிலில் நுழைவதற்கும் வாடகை விதிப்பதற்கும் இருந்த கட்டுப்பாடுகளைப் பெரிதும் தளர்த்திற்று. சிறு உரிமையாளர் பெருகினர். பலகையின் தேவையும் உடன் பெருகிற்று.

பின்னர் இணையம் பரவவே, திரையிலிருந்த பலகை கணிப்பொறிக்கும், அதன்பின் கைபேசிக்கும் இடம் பெயர்ந்தது. ஜெர்மனியில் டிமோகாம் என்னும் சந்தை 1997-இல் தோன்றிற்று. சீனத்தில் யுன்மான்மான், ஹுவோசெபாங் என்னும் இரு பெருஞ் சந்தைகள் 2017-இல் ஒன்றாயின. நம் நாட்டில் பெங்களூரில் 2015-இல் பிளாக்பக் நிறுவனம் தொடங்கப்பெற்றது. 2024 நவம்பரில் அதன் பங்குகள் பங்குச் சந்தையில் இடம் பெற்றன.

4. சந்தை நடைபெறும் முறை

சுமைக்குரியவர் தம் சரக்கைப் பற்றிய செய்திகளைச் செயலியிற் பதிவார்: ஏற்றும் இடம், இறக்கும் இடம், சரக்கின் வகை, எத்தனை டன், எவ்வகை வண்டி வேண்டும், எந்நாள் ஏற்றவேண்டும், வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்பன அவை. வண்டிக்குரியவரும் தம் வண்டி இப்பொழுது எவ்வூரில் உளது, எத்திசை செல்ல விரும்புகின்றது, எத்தனை சக்கரம் உடையது, திறந்த வண்டியோ மூடிய வண்டியோ என்பவற்றைப் பதிவார். இடமும் நாளும் எடையும் வண்டி வகையும் பொருந்துவனவற்றை இயந்திரம் தேர்ந்து இருவருக்கும் காட்டும். புக்கிங் ஆபீஸ் வாயிலிற் பல மணி நேரம் நின்று அறியவேண்டியதை ஓட்டுநர் தம் இருக்கையிலிருந்தே சிறிது நேரத்தில் அறிகின்றார். இறக்குமுன்னரே அடுத்த சுமையைப் பேசிவைத்தலும் இயல்வதாயிற்று.

இச்சந்தைகள் இருவகைப்படும். ஒருவகை, பலகை மட்டும் நடத்துவது. இருவரையும் காட்டிவிட்டு விலகி நிற்கும். மற்றொரு வகை, சுமைக்குரியவரிடம் தானே ஒப்பந்தம் செய்து, வண்டிக்குரியவருக்குத் தானே வாடகை கொடுப்பது. பின்னையதில் வண்டிக்காரருக்குப் பணம் தரும் பொறுப்பு நிறுவனத்தையே சாரும். ஆயினும் அந்நிறுவனமே நிலைகுலையின் யாது செய்வது? அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2015-இல் தோன்றிப் பெரும் பொருளீட்டு முதலோடு வளர்ந்த கான்வாய் என்னும் நிறுவனம், சரக்கு வாணிகம் தளர்ந்தபொழுது, 2023 அக்டோபரில் தன் தொழிலை நிறுத்திற்று. சிறந்த பொறியறிவு உடைமையால் மட்டும் ஒரு சந்தை நிலைபெறாது என்பதற்கு இஃது ஒரு சான்று.

5. ஒரு நிகழ்ச்சி

இனி, என் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவேன். நாமக்கல்லும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் லாரித் தொழிலுக்கும் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்கும் பெயர் பெற்றவை. என் சிறிய தந்தையார் அப்பகுதியில் ஒரே ஒரு லாரி உடையவர். தாமே அதனை ஓட்டுபவர். ஒருமுறை சேலத்திலிருந்து ஜவ்வரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு நாகபுரிக்குச் சென்றார். இறக்கியபின் நான்கு நாட்கள் சுமையின்றிக் கிடந்தார். ஐந்தாம் நாள் ஒரு செயலியின் வாயிலாகத் தமிழ்நாட்டு நூற்பாலை ஒன்றுக்குரிய பஞ்சுப் பொதிகள் கிடைத்தன. வாடகை 52,000 ரூபாய், முன்பணம் 40,000, எஞ்சிய 12,000 ரூபாய், சரக்குப் பெற்றதற்கு ஒப்பமிட்ட ரசீதைக் காட்டியபின் தருவதாகப் பேச்சு. முன்பணம் வந்தது. பொதிகளும் ஊறின்றி ஆலையைச் சேர்ந்தன. எஞ்சிய பணம் மட்டும் வரவில்லை. சுமையைப் பதிந்தவரின் தொலைபேசி சில நாட்களில் ஓய்ந்தது.

விசாரித்தபொழுது உண்மை வெளிப்பட்டது. பஞ்சுக்குரியவர் தம் வாடகை முழுவதையும் ஒரு டிரான்ஸ்போர்ட்டாரிடம் கொடுத்துவிட்டார். அவர் அச்சுமையை மற்றொரு தரகரிடம் ஒப்புவித்தார். அத்தரகர் மூன்றாமவர் ஒருவருக்குத் தந்தார். அம்மூன்றாமவரே செயலியிற் பதிந்தவர். ஒருவர்மேல் ஒருவர் பழி கூறினர். ஒருவரும் பணம் தரவில்லை. 12,000 ரூபாய் என்பது அம்மாதத் தவணையிற் பெரும் பங்கு. சிறிய தந்தையார் என்னிடம், "லோடு அகப்பட்டதே போதுமென்று இருந்துவிட்டேன், கண்ணு, யார் கொடுக்கிறார்கள் என்று கேட்கவில்லை" என்றார்.

பலகை அவரை ஏமாற்றவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது. சுமை உண்மையானது, வாடகையும் உண்மையானது. சுமையைக் காட்டிய பலகை, அதனைத் தருபவர் யார் என்பதைக் காட்டவில்லை. முற்காலத்துப் புக்கிங் ஆபீஸ்காரர் தரகு மிகுதியாகக் கொண்டார் எனினும், அவருக்கு ஓர் இடமும் ஒரு முகமும் இருந்தன. மறுமுறை அவ்வூர் செல்லும்பொழுது அவரைக் கண்டு கேட்கலாம். செயலியில் வந்தவருக்கோ ஓர் எண் மட்டுமே உண்டு. தேடும் உழைப்பைப் புதிய சந்தை குறைத்தது; ஆராய்ந்து தெளியும் உழைப்பை அது குறைக்கவில்லை. நான்கு நாள் காத்திருந்தவர் அவ்வுழைப்பை மேற்கொள்ளும் நிலையில் இல்லை என்பதே துன்பம்.

6. காப்பு முறைகள்

இத்தீங்கிற்கு மாற்று இல்லாமல் இல்லை. அமெரிக்க நாட்டில் சரக்குத் தரகர் ஒவ்வொருவரும் ஈட்டுறுதி ஒன்று வைத்தல் வேண்டும். வாடகை பெறாத வண்டிக்காரர் அதிலிருந்து கேட்டுப் பெறலாம். முன்னர் 10,000 டாலராக இருந்த அவ்வுறுதி 2013-இல் 75,000 டாலராக உயர்த்தப்பட்டது. நம் நாட்டில் 1865-ஆம் ஆண்டுப் பழஞ்சட்டத்தை நீக்கி வந்த சாலைவழிச் சரக்கேற்றுச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டு 2011-இல் நடைமுறைக்கு வந்தது. பொதுச் சரக்கேற்றுநர் பதிவு பெறல்வேண்டும் என்றும், சரக்கு ரசீது தருதல் வேண்டும் என்றும் அது விதிக்கின்றது. தரகரும் முகவரும் அச்சொல்லினுள் அடங்குவர். எனவே, பதிவு எண் யாது எனத் தரகரைக் கேட்டல் வண்டிக்காரரின் நியாயமான உரிமையாகும்.

இதனினும் எளிய கருவி ஒன்று ஓட்டுநர் கையிலேயே உளது. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் செல்வதற்கு ஈ-வே பில் வேண்டும் என்னும் விதி 2018 ஏப்ரல் 1 முதல் நடைபெறுகின்றது. அதன் முதற்பகுதியில் சரக்கை அனுப்புவோரும் பெறுவோரும் குறிக்கப்படுவர். இரண்டாம் பகுதியில் வண்டியின் எண் இருக்கும். சுமை தந்தவராகப் பேசுபவரும் அத்தாளிற் கண்ட பெயரினரும் ஒருவரோ வேறோ என்பது அதனால் உடனே விளங்கும்.

ஆகவே, பலகையிற் சுமை கண்டவர், வண்டியில் ஏற்றுமுன் செய்யத்தக்கன இவை:

முதலாவது, பேசுபவர் சரக்குக்குரியவரோ, அவரால் நேரே அமர்த்தப்பட்டவரோ, இடையில் நிற்பவரோ என வினவுதல்.

இரண்டாவது, ஈ-வே பில்லிற் கண்ட அனுப்புநரோடு ஒருமுறையேனும் தொலைபேசியிற் பேசுதல்.

மூன்றாவது, வாடகை, முன்பணம், எஞ்சிய தொகை தரும் நாள், ஏற்றவும் இறக்கவும் தாமதமாயின் தரவேண்டிய காத்திருப்புக் கட்டணம் ஆகியவற்றை எழுத்திற் பெறுதல். கைபேசியில் வரும் செய்தியும் எழுத்தே.

நான்காவது, சரக்கின் எடையை எடைமேடையிற் சரிபார்த்தல். மிகுசுமைக்கு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தண்டமென 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் கூறுகின்றது. இரண்டு டன் கூடின் முன்னர்க் காட்டிய பயணத்து மிச்சம் ஏறக்குறைய முழுதும் அதற்கே போய்விடும்.

ஐந்தாவது, சந்தை நடத்துவோரே வாடகைப் பணத்தைப் பெற்று வைத்திருந்து, ஒப்பமிட்ட ரசீது கண்டபின் விடுவிக்கும் முறை இருப்பின், சிறிது கட்டணம் கூடினும் அதனைக் கொள்ளுதல்.

சந்தை நடத்துவோர்க்கும் ஒரு கடமை உண்டு. சுமை பதிவோரின் பதிவு எண்ணை ஆராய்ந்து வெளியிடுதலும், பணம் தராதாரைப் பலகையினின்றும் நீக்குதலும் அவர்க்கு அரியன அல்ல.

7. முடிவுரை

சுமையும் வண்டியும் ஒன்றையொன்று அறியாது கிடந்த நிலையை இணையவழிச் சந்தை மாற்றியது பெருநன்மையே. வெறுவண்டி ஓடுவது குறையின் டீசலும் மிஞ்சும்; உழைப்பும் மிஞ்சும்; சாலைகளில் நெரிசலும் குறையும். ஆயினும் அந்நன்மை வண்டிக்காரரின் கைக்கு வந்து சேர்தற்கு, அவர் தம் தாள்களைப் படித்தறிதல் இன்றியமையாதது. ஈ-வே பில்லோ ஆங்கிலத்தில் அச்சாகி வருகின்றது. என் சிறிய தந்தையாரின் லாரியில் அன்று அந்தத் தாள் இருந்தது. அனுப்புநர் பெயரும் அதில் இருந்தது. அவரால் அதனைப் படிக்க இயலவில்லை.

இப்பொழுது அவர் எவ்வூரிற் சுமை ஏற்றினும், முதலில் அத்தாளைப் படமெடுத்து எனக்கு அனுப்புகின்றார். விடுதியிலிருந்தவாறே அதனைப் படித்து, அனுப்புநர் இன்னார், பெறுநர் இன்னார், வண்டி எண் சரி என்று சொல்வேன். அதன்பின்னரே கயிறு கட்டுவார். லாரித் தொழிற் குடும்பங்களிலிருந்து நம் கல்லூரிக்கு வந்து பயிலும் தோழர் பலர் உளர். அவர்களும் தத்தம் தந்தையர்க்கும் தமையன்மார்க்கும் இச்சிறு பணியைச் செய்வாராயின், உழைத்தவரின் கூலி உழைத்தவர்க்கே சென்று சேரும்.